அந்த 24 மணி நேரம் யாருடையது?

ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாள். ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க்கின் பிறந்த நாள் அது. வழக்கம்போல் எங்கள் வளாகத்திலும் ஒரு கருத்தரங்கு நடைபெற்றது. குத்துவிளக்கு, வரவேற்புரை, மூன்று ஆய்வுரைகள், தேநீர். மூன்றில் இரண்டு, கருவுற்ற பெண்களிடையே இந்நோய் பற்றிய ‘விழிப்புணர்வு’ எந்த அளவில் உள்ளது என்பதை வினாநிரல் கொண்டு அளந்தவை. இரண்டும் ஒரே முடிவுக்கு வந்தன: விழிப்புணர்வு போதாது. அரங்கம் கைதட்டி ஏற்றுக்கொண்டது. கேள்வி நேரத்தில் நான் எழுந்து கேட்டதை அமர்வின் தலைவர் ‘தலைப்புக்குப் புறம்பானது’ என்று ஒதுக்கிவிட்டார். ஆகவே இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

நான் கேட்டது இதுதான். பிறந்து 24 மணி நேரத்துக்குள் போடவேண்டிய ஒரு தடுப்பூசி போடப்படாமற் போனதற்கு, சற்றுமுன் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்ணின் விழிப்புணர்வு எவ்வாறு காரணமாகும்?

நான் மருத்துவர் அல்லேன். பொதுச் சுகாதார நிருவாகத்தை ஆராயும் சமூகவியல் மாணவி. ஆனால் இங்கே தேவைப்படும் மருத்துவம் மிகச் சிறிது. ஹெபடைட்டிஸ் பி தாயின் குருதியிலிருந்து குழந்தையை அடைவது பெரும்பாலும் பிரசவ வேளையில். வளர்ந்தோருக்கு இக்கிருமி தொற்றினால் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரிடமே அது நிலைத்துத் தங்குகிறது. மற்றவர்களின் உடல் அதை வென்றுவிடுகிறது. பிறந்த குழந்தையின் கணக்கு தலைகீழ்: தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாழ்நாள் முழுவதும் அதைச் சுமக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நடுவயதில் சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கமோ கல்லீரல் புற்றுநோயோ வருகிறது. குருதியில் ‘இ’ ஆன்டிஜன் உள்ள தாயிடமிருந்து, தடுப்பு ஏதும் இல்லாவிடில், பத்தில் ஏழு முதல் ஒன்பது குழந்தைகளுக்குத் தொற்று நேர்கிறது.

இதைத் தடுக்க வழி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தவணைத் தடுப்பூசி. பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் மற்றவை. தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால், பிறந்தவுடன் மற்றொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் ஊசி. தாயின் குருதியில் வைரஸின் அளவு மிகுதியாயின் கருக்காலத்தின் 28ஆம் வாரம் முதல் டெனோஃபோவிர் மாத்திரை. இவற்றில் முதல் தவணைக்கு மட்டும் ஒரு தனித்தன்மை உண்டு: அது தொற்றுக்கு வாய்ப்பு நேர்ந்த பின் போடப்படும் தடுப்பு. நாய் கடித்தவனுக்கு உடனே ஊசி போடுவதன் தருக்கம் இதற்கும் பொருந்தும். நாய்க்கடிக்கு ஆறு வாரம் கழித்து வரச்சொல்லும் மருத்துவரை நாம் என்ன சொல்வோம்? பிறந்த குழந்தையின் வகையில் அதையே ‘அட்டவணைப்படி பின்னர் போட்டுக்கொள்ளலாம்’ என்கிறோம்.

கடந்த நவம்பரில் கள ஆய்வுக்காக வடமாநிலம் ஒன்றின் மாவட்ட மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தேன். மாநிலத்தின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் எழுதப்போவதில்லை. ஒன்றைக் குற்றவாளியாக்கினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

அங்கே ஒரு பெண். வயது இருபத்திரண்டு இருக்கலாம். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வலியுடன் வந்தபோதே விரைவுச் சோதனை செய்திருந்தார்கள். அவளுடைய கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்’ என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்து எல்லோரும் இரட்டைக் கையுறை அணிந்தார்கள். கட்டிலை வார்டின் கோடியில், கழிவறைக்கு அருகில் தள்ளிப் போட்டார்கள். குழந்தைக்கு ஊசி போடவில்லை. தடுப்பூசி இருந்த குளிர்பதனப் பெட்டி வேறொரு கட்டடத்தில் இருந்தது. அந்த அறையின் சாவி தடுப்பூசிப் பிரிவின் பொறுப்பாளரிடம் இருந்தது. அவர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். ஊசி போடப்பட்டபோது குழந்தைக்கு வயது 37 மணி நேரம். இம்யூனோகுளோபுலின் கையிருப்பில் இல்லை. வெளியே வாங்கினால் சில ஆயிரம் ரூபாய்; கணவன் கூலி வேலை செய்பவன்.

திங்கட்கிழமை நண்பகலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “தீதி, நான் பால் கொடுக்கலாமா, கூடாதா?” தீதி என்றால் அக்கா. ஒன்றரை நாளாக அவள் தன் மகளுக்குத் தாய்ப்பால் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை; கொடுக்கலாம் என்றும் யாரும் சொல்லவில்லை. சிவப்பு மையையும் இரட்டைக் கையுறையையும் பார்த்து அவளே முடிவு செய்துகொண்டாள். மாமியார் ஒரு கிண்ணத்தில் பசும்பாலைத் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்துப் புகட்டிக்கொண்டிருந்தார். ஹெபடைட்டிஸ் பி உள்ள தாய் தாராளமாகப் பாலூட்டலாம் என்பது மருத்துவ உலகில் ஐயத்துக்கு இடமில்லாத செய்தி. அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் யாருடைய பணிப்பட்டியலிலும் இல்லை.

இப்போது கேட்கிறேன்: அந்தச் சோதனை யாருக்காகச் செய்யப்பட்டது? குழந்தைக்காக என்றால், முடிவு தெரிந்த கணமே ஊசி தயாராயிருக்க வேண்டும். தாய்க்காக என்றால், அவளிடம் ஒருவராவது பேசியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நடந்தவை கையுறையும் கட்டில் மாற்றமும் மட்டுமே. பணியாளர்களின் பாதுகாப்பு தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. ஊசி குத்தி நோய்பெற்ற செவிலியர்கள் உண்டு, அவர்கள் அனைவருக்கும் தடுப்பூசி போடுவது அரசின் கடமை. ஆனால் ஒரு பெண்ணின் குருதியை எடுத்து, அதன் செய்தியை அவளையும் அவள் குழந்தையையும் தவிர மற்ற எல்லோருடைய நலனுக்காகவும் பயன்படுத்துவதற்குப் பரிசோதனை என்று பெயரிடலாகாது.

அதே பிரசவ அறையில் நான் கண்ட மற்றொன்றையும் சொல்லவேண்டும். பிறந்த குழந்தைக்கு, குருதிக்கசிவைத் தடுக்க, வைட்டமின் கே ஊசி போடப்பட்டது. இரவு ஒன்பது மணிக்குப் பிறந்த அக்குழந்தைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போட்டார்கள். போட்டவர் பணியிலிருந்த செவிலியர். ஆகவே, பச்சிளங்குழந்தைக்கு ஊசி போடும் திறன் அங்கே இருந்தது, நேரம் இருந்தது, கை இருந்தது. வைட்டமின் கே பிரசவ அறையின் தட்டில் இருந்தது, ஏனெனில் அது பிரசவப் பிரிவின் மருந்து. ஹெபடைட்டிஸ் பி ஊசி தடுப்பூசிப் பிரிவின் மருந்து. ஒரு துறையின் எல்லைக்கோடு அந்தக் குழந்தையின் இரண்டு தொடைகளுக்கு நடுவே வரையப்பட்டிருந்தது.

நம் தடுப்பூசித் திட்டம் புறநோயாளிகளுக்காக வளர்ந்தது. வாரத்தில் குறித்த நாள், குறித்த இடம், வரிசை, அட்டை. ஆறு வாரக் குழந்தையைத் தூக்கிவரும் தாய்க்கு அது பொருந்தும். பிறப்போ நாள் பார்த்து நிகழ்வதன்று. ஞாயிறு, தீபாவளி, நள்ளிரவு எதற்கும் பிறப்பு காத்திருப்பதில்லை. 24 மணி நேரக் கெடு உள்ள ஒரு மருந்தைக் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை இயங்கும் அலுவலகத்திடம் ஒப்படைத்துவிட்டு, அது தவறும்போது தாய்மாரின் அறியாமையை அளக்கப் புறப்படுகிறோம்.

சீனாவில் 1992இல் நடந்த தேசிய ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 9.67 விழுக்காட்டினரிடம் இக்கிருமி இருந்தது. 2006இல் அது 0.96 விழுக்காடு. காரணங்கள் பல: இலவசத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவங்களின் பெருக்கம். ஆனால் அவற்றோடு ஓர் எளிய விதியும் இருந்தது: பிரசவம் பார்ப்பவரே முதல் ஊசியையும் போடவேண்டும். பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு அங்கே ஒரே வரியில் விடை கொடுத்துவிட்டார்கள். இந்தோனேசியாவில் வீட்டுப் பிரசவங்களுக்காக, மருந்தும் ஊசியும் ஒன்றாக அமைந்த, ஒருமுறை மட்டும் பயன்படும் சாதனத்தைக் கிராம மருத்துவச்சிகளிடம் கொடுத்தார்கள். இங்கே, வீட்டில் பிறந்த குழந்தையைக் காண ஆஷா பணியாளர் முதல் நாளே செல்லவேண்டும் என்பது விதி. அவர் பையில் எடை பார்க்கும் தராசு இருக்கிறது, தடுப்பூசி இல்லை. அவருக்கு ஊசி போடும் அதிகாரமும் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 88.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்தன. எஞ்சிய குழந்தைகள் இந்த 24 மணி நேரத்தின் கணக்கிலேயே இல்லாதவர்கள்.

எதிர்வாதங்களை அறிவேன். கருத்தரங்கிலும் தேநீர் வேளையிலும் கேட்டவையே. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

‘மூன்றாம் தவணையில் நாம் மிக நன்றாகச் செயற்படுகிறோம், வங்கதேசமும் நேபாளமும் பிறப்புத் தவணையை அனைவருக்கும் போடாமலே கட்டுப்பாட்டு இலக்கை எட்டியதாக 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்ததே’ என்பது முதலாவது. வலுவான வாதம், மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த இலக்கு, ஐந்து வயதுக் குழந்தைகளில் தொற்று ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது. 2030க்கான இலக்கு 0.1 விழுக்காடு. முதல் இலக்கிலிருந்து இரண்டாவதற்குச் செல்லும் வழியில் எஞ்சி நிற்கும் குழந்தைகள் யார்? பெரும்பாலும் தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்தவர்கள். ஆறாம் வாரத்து ஊசி வந்து சேர்வதற்கு முன்பே கிருமி வந்து சேர்ந்தவர்கள். சராசரி நன்றாக இருப்பதால் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

‘நம் நாட்டில் பரவல் குறைவு’ என்பது அடுத்தது. இதை நாம் முன்பும் கேட்டிருக்கிறோம். ஹைதராபாத் நிறுவனம் ஒன்று 1997இலேயே இந்தியாவின் முதல் மரபணு மறுசேர்க்கை ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, விலை வீழ்ந்தது. அரசுத் திட்டத்தில் முன்னோடி முயற்சி தொடங்கியது 2002இல். நாடு முழுவதும் விரிந்தது 2011இல். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் கல்வியாளர்கள் பரவல் நூற்றுக்கு நான்குக்கு மேலா, இரண்டுக்குக் கீழா என்று வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். கேள்வி நியாயமானதே, விடைக்காகக் காத்திருந்தவர்கள் வாதிட்டவர்கள் அல்லர். நூற்றில் ஒரு தாய்க்கே தொற்று உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் பிறப்புகள் நிகழும் நாட்டில் அது இரண்டு லட்சம் குழந்தைகளுக்கு மேல். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை, இந்தியாவில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இக்கிருமியுடன் வாழ்வதாக மதிப்பிடுகிறது. மூன்று கோடியை ‘குறைவு’ என்று சொல்ல விழுக்காட்டுக் குறியின் துணை தேவைப்படுகிறது.

‘தாயைச் சோதித்துத் தொற்றுள்ளவரின் குழந்தைக்கு மட்டும் போடலாமே’ என்பது மூன்றாவது. சோதனை வேண்டும், அதை முதல் மூன்று மாதத்திலேயே செய்யவேண்டும். ஆனால் ஊசியைச் சோதனை முடிவுக்குக் கட்டிப்போட்டால், சோதனை நடவாத பெண்ணின் குழந்தை, முடிவு தொலைந்த பெண்ணின் குழந்தை, வேறு ஊரில் சோதித்துவிட்டுத் தாய்வீட்டில் பிரசவித்த பெண்ணின் குழந்தை எல்லாம் விடுபடும். அனைவருக்கும் போடும் ஊசிக்கு எந்தத் தாளும் வேண்டியதில்லை.

‘பத்துத் தவணைக் குப்பியை ஒரு குழந்தைக்காக உடைத்தால் மற்றவை வீணாகுமே’ என்பது நான்காவது. இதுதான் களத்தில் மெய்யாகவே செவிலியரின் கையைத் தடுப்பது. ஆனால், திறந்த குப்பியை முறையாகப் பேணி நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம் என்று அரசின் விதியே சொல்கிறது. வீணான மருந்துக்குச் செவிலியரிடம் விளக்கம் கேட்க ஒரு பதிவேடு இருக்கிறது. ஊசி கிடைக்காத குழந்தைக்காக எவரிடமும் விளக்கம் கேட்க ஒரு பதிவேடும் இல்லை. இரண்டில் எதற்கு அஞ்சுவது என்று அவர் அறிந்துவைத்திருக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதிவேடு என்றதும் நினைவுக்கு வருகிறது. நான் பார்த்த தாய்-சேய் அட்டைகளில் தடுப்பூசியின் தேதி இருந்தது, மணி இல்லை. 37ஆம் மணியில் போட்டதும் மூன்றாம் மணியில் போட்டதும் ஆண்டறிக்கையின் தொகையில் ஒன்றாகவே கலந்துவிடக்கூடும். நேரமே உயிரான மருந்துக்கு நேரம் குறிக்க இடமில்லை. இதை எந்த ஆய்வேடாவது கேள்விக்குள்ளாக்கியதா?

இனி நம் மொழிக்கு வருகிறேன். ‘தாயிடமிருந்து சேய்க்கு’ என்கிறோம். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல் பொருள் உண்டு. நோய் தாயை மூலமாகக் கொண்டு புறப்படுகிறது என்று அந்தத் தொடர் அறிவிக்கிறது. உயிரியலின்படி தவறில்லை. ஆனால் தாய்க்கு எங்கிருந்து வந்தது? அவர்களில் பலருக்கு, அவர்கள் பிறந்தபோதோ சிறுவயதிலோ, அதாவது நாடு ஊசி போடாமல் விட்ட ஆண்டுகளில். 2011க்கு முன் பிறந்து இன்று பிரசவ வார்டில் படுத்திருக்கும் பெண் தன் அரசு தவறவிட்ட ஒரு தவணையின் சான்று. அவளை நாம் ‘கிருமி தாங்கி’ என்று எழுதுகிறோம். எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்துக்குப் பெயரிட்டபோது இந்தியா ‘தாயிடமிருந்து’ என்பதை விலக்கிப் ‘பெற்றோரிடமிருந்து’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தது. பழி பெண்ணின் மேல் மட்டும் விழலாகாது என்ற எண்ணம் அதிலிருந்தது. எச்.ஐ.வி. உள்ளோரை ஒதுக்குவதைத் தடை செய்ய 2017இல் சட்டமும் வந்தது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கென்று அத்தகைய சட்டம் இல்லை. வேலைக்கான உடற்தகுதிச் சோதனையிலும் திருமணப் பேச்சிலும் அவர்கள் தனித்தே நிற்கிறார்கள்.

குழந்தையைக் காப்பதிலும் ஒரு குறை உண்டு: பிரசவம் முடிந்ததும் தாயை மறந்துவிடுகிறோம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ்ச் சோதனையும் மருந்தும் இலவசம். இம்யூனோகுளோபுலினும் அதில் அடங்கும். காகிதத்தில் குறையொன்றுமில்லை. உலக அளவில் இக்கிருமியுடன் வாழ்வோரில் 13 விழுக்காட்டினரே கண்டறியப்பட்டவர்கள், 3 விழுக்காட்டினரே மருந்து பெறுபவர்கள். இந்தியாவின் நிலை அதனினும் கீழ். நான் சந்தித்த அந்தப் பெண்ணை எந்தக் கல்லீரல் மருத்துவரிடமும் யாரும் அனுப்பவில்லை. வைரஸ் அளவைச் சோதிக்க வசதியில்லாத இடங்களில் தொற்றுள்ள எல்லாக் கருவுற்ற பெண்களுக்கும் டெனோஃபோவிர் கொடுக்கலாம் என்று 2024இல் உலகச் சுகாதார நிறுவனம் வழியைத் தளர்த்தியது. அந்த மாத்திரையை உலகுக்கே செய்து அனுப்பும் நாடு நம்முடையது.

கல்வித்துறை நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே. விழிப்புணர்வு ஆய்வுகளுக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். கேள்வி கேட்க எளிதானவர்கள் என்பதனாலேயே புறநோயாளி வரிசையில் நிற்கும் ஏழைப் பெண்களிடம் வினாநிரலோடு செல்கிறோம். மறுக்க அவர்களுக்குத் துணிவில்லை. அறியாமையைத் தேடுபவருக்கு அது எப்போதும் கிடைக்கும், ஆய்வேடும் முடியும். மாறாக, பணிப்பட்டியலை ஆராயுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பிறப்புகளையும் செவ்வாய்க்கிழமைப் பிறப்புகளையும் ஒப்பிட்டு, முதல் தவணை எத்தனையாவது மணியில் போடப்பட்டது என்று கணக்கிடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது.

கோரவேண்டியவையும் தெளிவானவை. முதல் தவணை பிரசவ அறையிலேயே, எல்லா மணி நேரத்திலும் இருக்கவேண்டும். பிரசவம் பார்ப்பவரே போடவேண்டும். அட்டையில் மணி குறிக்கப்படவேண்டும். உரிய நேரத்தில் போட்டது எத்தனை விழுக்காடு என்று மாவட்டவாரியாக வெளியிடவேண்டும். குப்பியைத் திறந்ததற்காக எந்தச் செவிலியரும் விளக்கம் எழுதக்கூடாது. சோதனை முடிவை முதலில் அறியவேண்டியவள் தாய். பாலூட்டலாம் என்ற சொல்லும் அதே வேளையில் அவள் காதில் விழவேண்டும்.

அந்தக் குழந்தைக்கு அடுத்த மாதம் ஒன்பது மாதம் நிறைகிறது. அப்போதுதான் தொற்று உண்டா இல்லையா என்று குருதிச் சோதனையில் உறுதியாகத் தெரியும். தாய் என்னிடம் தொலைபேசியில் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். தவறாமல் மூன்று தவணைகளும் போட்டிருக்கிறாள். பாலும் கொடுக்கிறாள். அவள் செய்யவேண்டியதில் ஒன்றும் குறையில்லை. 37 மணி நேரம் போட்டும் குழந்தை தப்பியிருக்கலாம். பல குழந்தைகள் தப்புகின்றன. தப்பவில்லையெனில், இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த மகளும் ஒரு பிரசவ வார்டில் படுத்திருப்பாள். அவள் கோப்பிலும் யாரோ சிவப்பு மையால் எழுதுவார்கள். அன்றைக்கும் ஓர் ஆய்வு மாணவி அவளிடம் வினாநிரலை நீட்டி, இந்நோய் எவ்வாறு பரவுகிறது என்று தெரியுமா என்று கேட்பாளாயின், தெரியாது என்ற விடைக்கு நேரே குறியிடுமுன் இந்தப் பதிவை நினைவுகூர வேண்டுகிறேன்.